பலகை விளிம்பில் எழுதிய பெயர்

டேபிள் வியூவில், அதாவது ஆப் திரையில் வரும் பட்டியலில், பிரிவின் பெயரை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று ஆபீஸில் நீங்கள் ஐந்து பேரும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டீர்களாம். கடைசியில், "ரிட்டயர் ஆன அக்காவைக் கேட்டுவிடலாம்" என்று யாரோ சொல்லி, எனக்கு ஒரு செய்தி வந்து விழுந்தது. மேலே, கீழே என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஹெட்டர், ஃபுட்டர் என்ற இரண்டு சொற்களைப் பார்த்து அழுகிற மனுஷி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். நீளமான பட்டியலைப் பிரிவு பிரிவாகப் பிரித்துத் திரையில் காட்டுகிறோம். பிரிவுக்கு மேலே வரும் பட்டை ஹெட்டர், கீழே வரும் பட்டை ஃபுட்டர். பெயர் மேலே, சில்லறைக் குறிப்பு கீழே. இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள், நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

என் முதல் ஆபீஸில் ஒரு டீம் லீடர் இருந்தார். திரை ஒன்றை முடித்தேன் என்று போய் நின்றால், பார்க்கவே மாட்டார். "கீழ வாட்ச்மேன் கையில கொடுத்துட்டு, வாயைத் திறக்காம பக்கத்துல நில்லு" என்பார். முதல் தடவை எனக்கு அவமானமாக இருந்தது. இன்ஜினியரிங் படித்துவிட்டு வாட்ச்மேனிடம் பரீட்சை எழுதுவதா என்று பொருமினேன். அந்த வாட்ச்மேன் என் திரையில் அமுக்கக் கூடாத இடத்தையே பத்து தடவை அமுக்கியபோதுதான் புத்தி வந்தது. அந்த மனிதரிடம் கற்றதை வாழ்நாளில் ஒரே ஒரு முறை மறந்தேன். மறந்தது என் சொந்த ஊரில்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பு, ஜாடி, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் இங்கிருந்து போகிறவைதான். ஒவ்வொரு பட்டறைக்கும் தனிச் சூளை கட்டிக்கொள்ள முடியாது. அதனால் சில பட்டறைக்காரர்கள் சேர்ந்து பொதுவில் இரண்டு காஸ் சூளை வைத்திருந்தார்கள். பெரிய சூளை பெருஞ்சூட்டுக்கு, சட்டென்று சூடு ஏறும். சின்னது மெதுசூட்டுக்கு. எந்தப் பட்டறைச் சாமான் எந்தச் சூளைக்குப் போக வேண்டும் என்பதில் தினமும் கூச்சல். அதற்கு ஒரு ஆப் வேண்டும் என்று நம் கம்பெனியிடம் வந்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் நான் முந்திக்கொண்டு, எனக்குத்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு பட்டறையும் ஒரு பிரிவு. ஹெட்டரில் பட்டறையின் பெயர், பக்கத்தில் பெருஞ்சூடா மெதுசூடா என்ற குறிப்பு. அதற்குக் கீழே அவர்களுடைய பலகைகளின் எண்கள். சுடுவதற்கு முன்னால் சாமான்களை நீளமான மரப்பலகைகளில் வரிசையாக அடுக்கி, பலகைகளை ரேக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருப்பார்கள். வண்டி ஏற்றுகிறவர் எண்ணைப் பார்த்துப் பலகையை எடுத்து, அதிலுள்ள சாமானை அந்தந்தச் சூளைக்குள் தள்ளும் வண்டியில் அடுக்கினால் வேலை முடிந்தது. பட்டறை முதலாளிகளை ஒரு அறையில் உட்காரவைத்துக் காட்டினேன். மிக்சர் தின்றுகொண்டே பார்த்தார்கள். "சூப்பரா இருக்குதுங்க மேடம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி ஏற்றுகிற ஆள் ஒருவரைக்கூட அந்த அறைக்குக் கூப்பிடவில்லை. எங்கே அவர் என்று நானும் கேட்கவில்லை.

ஆப் வந்த முதல் நாள் நான் சூளையடிக்குப் போகும்போது மணி ஒன்பது இருக்கும். பெரிய சூளை எரிய ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வண்டி ஏற்றுகிற வீரமுத்து, ஐம்பது வயது மனிதர், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆப் எப்படி என்று கேட்டேன். "இன்னா மேடம், ஜோரா இருக்குது. கத்தலே இல்ல" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் மரகதம் வந்தாள். கப்புப் பட்டறைக்காரி. புருஷன் இறந்தபிறகு தனியாளாக நடத்திக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். முதலாளிகள் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மேடம், நாளைக்கு என் பொண்ணு வருதுங்க."

அதிகம் பழகாத என்னிடம் அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. மகள் பெயர் நித்யா. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய் ஆறு வருஷமாகிறது. போகிற அன்று மரகதம், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத, நீ செத்துட்டன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். பெற்றவள் வாயால் சொன்ன வார்த்தை. அதன்பிறகு பேச்சே இல்லை. இப்போது மகளே போன் செய்து, குழந்தையைக் காட்ட வருகிறேன், ஒரு நாள்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

"போறதுக்கு மொத வாரம் அது ஒரு கப்பு பண்ணுச்சுங்க. கொஞ்சம் கோணல். சுடாமலே வெச்சிருந்தேன். தூக்கிப் போடவும் மனசு வரல, சுடவும் மனசு வரல. போன வாரம் எடுத்தா கைப்பிடி விட்டுப் போயிருந்துச்சு. ஈரத்துணி சுத்தி வெச்சு, களிமண் கொழச்சு ஒட்டியிருக்கேன். இந்த வாயால அதுங்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வராதுங்க மேடம். அந்தக் கப்புல டீ ஊத்திக் கொடுத்தா அதுக்கே புரியும், அம்மா நம்மளத் தூக்கிப் போடலன்னு."

அந்த ஒரு கப்பின் ஈரத்துக்காகத் தன்னுடைய நாலு பலகைக்கும் மெதுசூடு கேட்டிருந்தாள். ஈரம் உள்ள பச்சைச் சாமானைச் சட்டென்று சூடேற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெடித்துவிடும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"அண்ணே, சின்ன சூளைய எப்ப பத்த வெப்ப?" என்று வீரமுத்துவைக் கேட்டாள்.

"மத்தியானம்மா. ஆனா உன்னுது பெரிய சூளையில ஏறிடுச்சே."

"மெதுசூடுன்னுதான சொன்னேன்!"

"நான் இன்னா பண்ணுவேன்? இதுல அப்படித்தான் போட்டிருக்குது." பட்டறைக்காரர்கள் வாங்கி வைத்திருந்த பழைய டேப்லெட்டை எடுத்து நீட்டினார். "பாரு. பதினொண்ணுல இருந்து பதினாலு வரைக்கும் உன் பலகை. எண்ணுக்கு இன்னா சூடுன்னு மட்டுந்தான் பாப்பேன். கீழ விளிம்புல இன்னா எழுதியிருக்குது? பெருஞ்சூடு."

அவர் விரல் எண்களின்மேல் இறங்கி, அவற்றுக்குக் கீழே இருந்த பட்டையில் போய் நின்றது. அது அடுத்த பட்டறையின் ஹெட்டர். மரகதத்தின் ஹெட்டர் எண்களுக்கு மேலே இருந்தது. அதிலிருந்த மெதுசூட்டை அவர் மேல் பட்டறையின் குறிப்பாகப் படித்திருந்தார்.

"அண்ணே, பேரு மேலதானே இருக்கு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேல எப்படி மேடம் இருக்கும்? சாமானு பலகை மேலதான இருக்குது. பேரு பலகை விளிம்புலதான எழுதுவோம்?"

திரும்பி ரேக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் முன்விளிம்பிலும் சாக்பீஸில் பட்டறையின் பெயர். கப்புகள் மேலே, பெயர் அவற்றுக்குக் கீழே. அந்த விளிம்புக்குக் கீழே இருப்பது அடுத்த பலகையின் கப்புகள். பிறந்து வளர்ந்தது இதே ஊர். அந்த ரேக்குகளைச் சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இங்கே பெயர் எப்போதும் கீழேதான். அவர்கள் கண்ணுக்கு என் ஹெட்டர்கள் எல்லாமே ஃபுட்டர்கள். அந்த வாரம் எல்லாப் பட்டறையும் டீ கப்பே போட்டிருந்ததால், பச்சையில் எல்லாம் ஒரே வெள்ளை, எது எந்தச் சூட்டுக்கு என்று பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

"உனக்குச் சந்தேகமே வரலியாண்ணே?" என்றாள் மரகதம். குரல் கீச்சிட்டது.

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு கப்பு கோணலா இருந்துச்சு. கன்னத்துல வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. ஈரமாச்சேன்னு தோணுச்சு. ஆனா மேடம் போட்டது தப்பா இருக்காதுன்னு ஏத்திட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. முப்பது வருஷமாகப் பொய் சொல்லாத கன்னம் அது. என் பட்டியலை நம்பி அதை அவர் நம்பாமல் விட்டார்.

சென்னைக்குப் போன் போட்டேன். மேலாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது யூசர் எரர் மேடம். பெயர் மேலே இருக்குன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நம்ம தப்புன்னு மட்டும் வாயை விட்டுடாதீங்க. ட்ரெயினிங் கொடுக்கலாம்னு சொல்லி முடிங்க." அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. சட்டப்படி, டிசைன்படி, எல்லாப்படியும் சரி. நான் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் பழி வீரமுத்துவின் தலையில் விழுந்திருக்கும். சூளையை நிறுத்தச் சொன்னால் அதற்குள் இருக்கிற மற்ற பட்டறைக்காரர்களின் சாமானுக்கும் ஒரு நாள் போகும், எனக்கு இந்த வேலை போகும். பக்கத்தில் மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சூளைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனை வைத்தேன். "அண்ணே, காஸை நிறுத்துங்க. தப்பு என்னோடது. நான் போட்ட பட்டியல் தப்பு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அங்கிருந்த மூன்று பட்டறைக்காரர்களும் கேட்டார்கள். ஒருவர், "அறிவிருக்குதா மேடம் உங்களுக்கு? ஒரு கப்புக்காக எங்க எல்லாத்தையும் நிறுத்துவீங்களா?" என்று பாய்ந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வீரமுத்து அவரைத் தாண்டிக்கொண்டு போய் வால்வைத் திருகினார்.

நெருப்பு அடங்கியது. அடங்கிய அந்த அமைதியில், உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அது எதன் சத்தம் என்று தெரிய வழியில்லை. சூடு தணியாமல் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாமே விரிசல் விட்டுவிடும். காத்திருக்க வேண்டியதுதான். மரகதம் சூளைக்கு எதிரே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மத்தியானம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதிச் சோற்றை வைத்து என் பக்கம் தள்ளினாள். "சாப்புடுங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றாள். நாள் முழுக்க நித்யாவைப் பற்றியே பேசினாள். ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனது, பஸ்ஸுக்கு ஓடி விழுந்தது, ஓசூரிலிருந்து எடுத்த முதல் புகைப்படத்தை யாரோ காட்டியபோது தான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தது. எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளைக்காக இப்படியும் ஏங்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வண்டி வெளியே வந்தது. நூற்றுக்கணக்கான கப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றே ஒன்று இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளைச் சில்லுகள். பக்கத்துக் கப்புகளுக்குள்ளும் சில சிதறிக் கிடந்தன.

நான் "மரகதம்" என்றேன்.

அவள் ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்தாள். சரியாக வேகாததால் அது மாவாக உதிர்ந்தது. வீரமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னைத் திட்டிடும்மா" என்றார். அவள் திட்டவில்லை. அந்த மாவைத் தட்டிவிட்டு, "இனிமே வாயாலதான் சொல்லணும் போல இருக்குது" என்றாள்.

பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் போனை நீட்டினாள். "நம்பரு போட்டுக் கொடுங்க. நானா போட்டா பாதியில நிறுத்திடுவேன்."

போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. எடுத்தாள் போலிருக்கிறது.

"நித்யா, அம்மா பேசறண்டி. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ பண்ண கப்பு ஒண்ணு வெச்சிருந்தேன், இப்ப ஒடஞ்சு போச்சு. அதக் குடுத்துச் சமாளிச்சுடலாம்னு பாத்தேன். அன்னிக்கு நான் சொன்ன வார்த்த தப்புடி. பெத்தவ சொல்லக் கூடாத வார்த்த. ஒரு நாள் எல்லாம் பத்தாது, நீ இருடி வூட்ல. குழந்தையக் கூட்டிக்கிட்டு வந்து இரு."

இத்தனை பட்டறைக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள். காலையில் என்மேல் பாய்ந்தவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்த தொழில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை போகவில்லை, திட்டு மட்டும் நிறைய விழுந்தது. மறுவாரம் முழுக்க ரேக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீரமுத்து சொல்லச் சொல்லத் திரையை மாற்றினேன். பெயரை ஃபுட்டருக்கு இறக்கினேன். பட்டியலை உருட்டும்போது அது திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "இப்பதான் பலகை மாதிரி இருக்குது" என்றார். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சந்தேகம் வந்தால் அமுக்க ஒரு பொத்தானும் வைத்தேன். அதை அமுக்கினால் பட்டறைக்காரருக்குப் போன் போகும், அவர் பேசும்வரை பலகை எந்தச் சூளைக்கும் ஏறாது. ஆக, மேலேயா கீழேயா என்ற உங்கள் சண்டைக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. படிக்கப் போகிறவரின் ரேக் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். போகாமல் ஏசி அறையில் உட்கார்ந்து சண்டை போடுவதானால், காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்யுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

நித்யா ஒரு நாளுக்கு வந்தவள் பத்து நாள் இருந்தாள். எனக்கும் மரகதத்துக்கும் நடுவில் மேடம் போய் அக்கா வந்தது. மாதம் ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு விருத்தாசலம் போய்விடுவேன். சிஸ்டத்தில் கோளாறு, பார்க்க வேண்டும் என்பேன். ஒரு கோளாறும் இருக்காது. அவள் களிமண் பிசைவாள், நான் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பேன். நாலு மணிக்கு டீ வரும். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அந்தப் பட்டறையில்தான். ரிட்டயர் ஆனதும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்தேன். அவளிடம், சொந்த ஊர், தண்ணீர் நன்றாக இருக்கும், வாடகை குறைவு என்று என்னென்னவோ காரணம் சொன்னேன்.

நான் குடிவந்த நாலாவது மாதம் நித்யா இரண்டாவது குழந்தை உண்டானாள். "தனியா எதுக்கும்மா அங்க, வந்துடும்மா" என்று கூப்பிட்டாள். மரகதம் போகாமல் எப்படி இருப்பாள்? பட்டறையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏறாமல் என்னைப் பார்த்து நின்றாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "பத்திரமா போயிட்டு வா. மாத்திரைய மறந்துடாத" என்றேன். "போயிட்டு வரேங்க்கா" என்றாள். பஸ் போனபிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். வெயில் சுட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. நாலு மணி ஆனால் இன்னும் கால் அந்தத் தெருப் பக்கம் தானாகப் போகிறது. பட்டறையில் வேறு யாரோ களிமண் பிசைகிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வேலையாகப் போகிறவளைப் போல நடந்துவிடுவேன்.

வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறோம். பேரப்பிள்ளைகள், கால்வலி, அங்கே களிமண் கிடைப்பதில்லை, இதெல்லாம்தான் பேச்சு. இந்தக் கதையை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அத்தனை பேர் நடுவில் அவள் வாய்விட்டுச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். நான் என்ன செய்தேன், தண்ணீர், வாடகை என்று கதை அளந்தேன். நேற்று மத்தியானம் போன் போட்டேன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

"மரகதம், நான் இந்த ஊருக்கு வந்தது உனக்காகத்தான். நீ இல்லாம எனக்கு இங்க பொழுதே போகல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இத சொல்ல இத்தினி நாளாக்கா? நீங்க எதுனா சொல்லுவீங்கன்னுதான அன்னிக்குப் பஸ்ஸுல ஏறாம நின்னேன்" என்றாள்.